திருவிருந்து நாளில் கடைசி பெஞ்சு

எண்ணெய் காட்டாத தோசைக்கல்லில் கோதுமை மாவு வேகும்போது ஒரு வாசனை வரும். சப்பாத்தியின் வாசனை அல்ல அது. உப்பும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல், லேசாகத் தீய்ந்த, தொண்டையை வறட்டுகிற வாசனை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருத்தணியில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனை பரவியிருக்கும், நானும் தம்பியும் அதில் விழித்துக்கொண்டாலும் எழுந்திருக்காமல் போர்வைக்குள்ளேயே கிடப்போம், ஏனென்றால் அது எங்களுக்காகச் சுடப்படுவது இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கோயிலில் திருவிருந்து. மலைமேல் இருப்பதுதான் கோயில் என்று ஊரே சொல்கிற இடத்தில் நாங்களும் எங்கள் ஓட்டுக் கட்டடத்தைக் கோயில் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கே வரும் போதகரை ‘ஐயர்’ என்றோம். ஆராதனையின் முடிவில் ஐயர் எல்லாருக்கும் பிட்டுக் கொடுக்கிற அந்த அப்பத்தை மாதாமாதம் சுட்டுக் கொடுத்தவள் என் அம்மா.

அப்பம் என்றதும் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கோதுமை மாவையும் தண்ணீரையும் மட்டும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுச் சுடுகிற ரொட்டி. கோடு போட்டால்தான் ஐயரின் விரலுக்கு அழகாக ஒடியும். இதற்கென்று அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. ரேஷன் கோதுமையை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, மாவு மிஷினுக்கு எடுத்துக்கொண்டு போவாள். முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் தன் முறை வந்தாலும் கொடுக்கமாட்டாள்; வேறு யாராவது கோதுமை அரைத்து முடிக்கிற வரைக்கும் கால் கடுக்க நிற்பாள். சனிக்கிழமை மதியத்திலிருந்து அவளுக்கு உபவாசம். மாவு பிசைந்து மூடி வைத்த பிறகு யாரையும் திட்டுவதில்லை என்றும் ஒரு சட்டம் வைத்திருந்தாள், இது யாரும் சொல்லாமல் அவளாகப் போட்டுக்கொண்டது. அது தெரிந்த நானும் தம்பியும் வாரம் பூராவும் செய்யத் துணியாத அட்டகாசங்களையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருப்போம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “நாளைக்கு மத்தியானம் வரட்டும், ரெண்டு பேருக்கும் இருக்குது” என்பாள். மறுநாள் மதியம் மறந்துவிடுவாள்.

அம்மா பிறவியிலேயே எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்த சரோஜா அவள். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். விசைத்தறி மோட்டார் புகைந்துபோனால் கழற்றிக்கொண்டு வரவும் சரிசெய்து மாட்டவும் அம்மையார்குப்பத்துக்குப் போவார். அப்படிப் போன ஒரு வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார், அப்புறம் அந்த வீட்டு மோட்டார் மட்டும் அடிக்கடி கெட்டுப்போனது. இரண்டு வீட்டிலும் நடந்த ரகளையை இங்கே எழுதப் புகுந்தால் அது தனிக் கதையாகிவிடும். சுருக்கமாகச் சொன்னால், கல்யாணம் நடக்க அம்மா ஞானஸ்நானம் எடுக்கவேண்டியிருந்தது, அதற்கு ஆயத்தம் செய்ய அப்போதிருந்த பெரிய ஐயரிடம் சில வாரங்கள் வந்து உட்கார்ந்தாள்.

அம்மாவின் பிறந்த வீட்டில் மாதத்தில் மூன்று நாள் பெண்கள் தறி ஓடும் அறைக்குள் கால் வைக்கக்கூடாது. பின்பக்கத்து மாட்டுக்கொட்டாயில் ஒரு மூலை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிழிந்த பாய். மழையானாலும் அங்கேதான், காய்ச்சலானாலும் அங்கேதான். பெரிய ஐயர் ஒருநாள் பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையைச் சொன்னாராம்: வருடக்கணக்காக உதிரம் போய்க்கொண்டிருந்த ஒருத்தி கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திர ஓரத்தைத் தொட்டதையும், அவர் அவளைத் தள்ளாமல் மகளே என்று கூப்பிட்டதையும். அதைக் கேட்ட பிறகு அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அந்த நாள்லயும் கோயிலுக்கு வரலாங்களா?”

“ஆங், தாராளமா வரலாம்மா” என்றாராம் பெரிய ஐயர். “வந்து முன்னால ஒக்காரு. நம்ம ஆண்டவர் அதுக்காக யாரையும் வெளிய வெக்கமாட்டாரு.”

“என்னப் பாத்து வரல இவ, அந்த ஒரு பதிலக் கேட்டுத்தான் வந்தா” என்று நைனா வாழ்நாள் முழுக்கக் கேலி செய்துகொண்டிருந்தார். அம்மா மறுத்ததே இல்லை. ஞானஸ்நானத்தில் அவளுக்கு ரூத்து என்று பெயர் வைத்தார்கள். அவள் சபைக்கு வந்த புதிதில் திருவிருந்துக்கு டீக்கடை ரொட்டியைத்தான் வாங்கி வந்துகொண்டிருந்தார்களாம். “ஆண்டவருக்குக் கடைல வாங்கியா வெப்பாங்க, நான் சுட்டுக் குடுக்கறேங்க” என்று அவளாகப் போய்ப் பெரிய ஐயரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. பாட்டுப் பாடத் தெரியாது, ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், காணிக்கைப் பையில் போட நைனா கையில் கொடுப்பதுதான். ஆண்டவருக்கென்று தானாகக் கொடுக்க அவளுக்கு வாய்த்தது இந்த ஒன்றுதான், அதனால்தான் அதை அப்படிச் செய்தாள்.

இப்போது எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. பிரசங்கத்தில் ஒன்று சொல்வார்கள், பெஞ்சில் வேறொன்று நடக்கும். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சில பெண்கள் வந்ததும் வராததுமாகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பார்த்தால், “இன்னிக்கு நான் எடுக்கல” என்று முணுமுணுப்பார்கள். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். எடுக்கவில்லை என்றால் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கவில்லை என்று பொருள். காரணம் அந்த நாள். எந்த ஐயரும் இப்படிச் செய்யச் சொன்னதில்லை, எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ஊரில் எல்லாரும் அந்த நாளில் மலையேறமாட்டார்கள், நாம் மட்டும் பீடத்தண்டை போனால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று எப்போதோ யாரோ தொடங்கியிருக்க வேண்டும். பிறகு தாய் மகளுக்குச் சொன்னாள், மகள் மருமகளுக்குச் சொன்னாள். ஒரு பெண் வீட்டுக்குள் கணவனிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயத்தை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சபை முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தாள். ஆண்களுக்கோ ஒரு மாதமும் தவறியதில்லை. சனிக்கிழமை ஒயின்ஷாப்பில் விழுந்து கிடந்தவர் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு வந்து முழங்காலிடுவார், மனைவியை அடித்துவிட்டு வந்தவரும் முழங்காலிடுவார், அவர்கள் நீட்டுகிற கையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இந்த வழக்கம் இருப்பதே அம்மாவுக்குப் பல வருடங்கள் தெரியாது. மற்றப் பெண்களுக்கு அது தாய்வீட்டிலேயே பழகியது. அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை, அவளாகக் கேட்கவும் தோன்றவில்லை. பெரிய ஐயர் வரலாம் என்றார், அவள் எல்லா மாதமும் போய் வாங்கிக்கொண்டாள், எல்லா மாதமும் சுட்டாள். அப்படியானால் கடைசி பெஞ்சுக்காரர்களைப் பற்றி அவள் என்னதான் நினைத்தாள் என்று கேட்பீர்கள். ஆயத்த வகுப்பில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் முதலில் ஒப்புரவாகிவிட்டுத்தான் திருவிருந்துக்கு வரவேண்டும். எனவே, எடுக்கவில்லை என்று ஒருத்தி சொன்னால் வீட்டில் சண்டை என்று அம்மா தீர்மானித்துவிடுவாள். ஆராதனை முடிந்து சோறாக்கியதும் ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள். மாமியாரிடம் நல்ல வார்த்தை சொல்வாள், புருஷனிடம் சிரித்துப் பேசுவாள், “எதுவா இருந்தாலும் மனசுல வெச்சிகினு இருக்காதீங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவாள். அந்த வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். ஆனால் எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? அவர்களும் ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள், சில வீடுகளில் உண்மையாகவே சமாதானமும் ஆகியிருக்கிறது. ரூத்துக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது என்று சபையில் ஒரு பேச்சுகூட இருந்தது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு திருவிருந்து ஞாயிறு வந்தது. அரக்கோணம் சாலையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக நகர இடமில்லை, பஸ்களை எங்கேயோ சுற்றிவிட்டிருந்தார்கள். பெரிய ஐயர் மாற்றலாகிப் போய்ப் புதிதாக வந்திருந்த சின்ன ஐயர் வெளியூரிலிருந்து வரவேண்டும், வந்து சேரவில்லை. நாங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எப்படியோ போய்விட்டோம். அம்மா வெள்ளைத் துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் அடுக்கிய அப்பத்தைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஐயர் இல்லாமல் ஆராதனை தொடங்க முடியாது. பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் சங்கத்துத் தலைவி ஜெயமணி டீச்சர். அவர் கணவர்தான் கமிட்டிச் செயலாளர். அவர்களுடைய மகள் ஸ்டெல்லா அக்கா டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து எடுக்கவில்லை என்று சொன்னதை அம்மா கேட்டுவிட்டாள். ஐயர் வருவதற்குள் நேரம் இருக்கிறது, இங்கேயே சமாதானம் செய்துவைத்துவிடலாம் என்று டீச்சரிடம் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“இன்னாங்க டீச்சர், பொண்ணுகூட சண்டையா? கொழந்த எடுக்கலன்னு சொல்லுது. ஐயர் வர்றதுக்குள்ள ராசியாயிடுங்க” என்றாள் அம்மா.

டீச்சர் சிரித்தார். “சண்டையா? எனக்கும் அவளுக்கும் இன்னா சண்டை ரூத்து? அவ தூரம், அதான் எடுக்கல.”

“அதுக்கும் திருவிருந்துக்கும் இன்னாங்க சம்பந்தம்?”

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப நீ அந்த நாள்ல எடுத்துகினா இருக்கற?”

“ஆங், எடுத்துகினுதாங்க இருக்கறேன். ஐயரே எடுக்கலாம்னு சொன்னாரே.”

“அப்பம்?”

“நான்தான சுடறேன்?”

“இன்னிக்கு?” என்றார் டீச்சர், குரலை இறக்கி.

“இன்னிக்கும்தாங்க. நேத்துலருந்து.”

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். நைனா கடைக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஊரில் இல்லை என்று முகம் மாறாமல் சொல்வாள். இது பொய் சொல்லி மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எடுக்காத ஒருத்திக்கு இரங்கிப் போய் நின்ற இடத்தில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

சின்ன ஐயர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது பெண்கள் பக்கம் முழுவதும் விஷயம் பரவியிருந்தது, ஆண்கள் பக்கத்துக்கும் போய்விட்டது. செயலாளர் ஐயரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். வெளியே வந்த ஐயர் அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

“சிஸ்டர், வேதத்துல தடையொண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா சபையில நாலு பேருக்கு இடறலா இருக்கக்கூடாது பாருங்க. இந்த ஒரு வாட்டி மட்டும்.”

அந்த நாலு பேர் யார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. நாலு பேருக்கு இடறலாகிவிடக் கூடாதே என்று பயந்தவர்கள், ஒருத்தியை நடு நெஞ்சில் மிதிப்பதற்கு யோசிக்கவில்லை. தெரியாமல் செய்பவனைவிடத் தெரிந்தும் செய்பவன்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். தடையில்லை என்று அந்த மனிதருக்குத் தெரியும். பெரும்பாடுள்ள ஸ்திரீயைப் பற்றி அவரே அதே பீடத்தில் நின்று உருகி உருகிப் பிரசங்கம் செய்தவர்.

அம்மாவின் டப்பாவை வாசலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். செயலாளர் மொபட்டை எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகைப் பக்கத்து டீக்கடை ஒன்றில் பன் வாங்கிவந்தார். கூட்ட நாள் ஆனதால் சாதாப் பன் தீர்ந்துபோய், டூட்டி ஃபுரூட்டி போட்டதுதான் கிடைத்ததாம். சிவப்பும் பச்சையுமான அந்தத் துண்டுகளை அவர் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். அதைச் சுட்டது யார் கை, குளித்த கையா குளிக்காத கையா, பீடி பிடித்த கையா என்று ஒருவரும் கேட்கவில்லை. முந்தைய நாளிலிருந்து பட்டினி கிடந்து, பிள்ளைகளைத் திட்டாமல் பல்லைக் கடித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சுட்டவளின் அப்பம் செருப்புகளோடு இருந்தது. சர்க்கரை போட்ட பன் ஆண்டவருடைய சரீரமாக ஆசீர்வதிக்கப்பட்டது.

திருவிருந்து தொடங்கியது. முதலில் ஆண்கள். நைனாவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கமாட்டார், இல்லாவிட்டால் எழுந்து ஏதாவது சொல்வார், மோட்டார் கடையில் கத்துவாரே அப்படிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே எழுந்தார், வரிசையில் போனார், பீடத்தைச் சுற்றிய கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டார், கையை நீட்டினார், வாங்கிச் சாப்பிட்டார்.

பெண்கள் முறை வந்தபோது அம்மா எழுந்தாள். பின்னால் யாரோ “ரூத்து, ஒக்காரு” என்று அடிக்குரலில் சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கிராதிக்குப் போய் முழங்காலிட்டு, வலது கையை இடது கையின்மேல் வைத்து ஏந்தினாள். அவளுக்கு வலப்பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் மற்றவர்கள் முழங்காலிட்டார்கள். அந்த இடைவெளியில் ஒரு பெண் வந்து முழங்காலிட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஸ்டெல்லா அக்கா.

ஐயர் தட்டோடு வரிசையாக வந்தார். அம்மாவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். அவர் கண் செயலாளரைத் தேடியது. பிறகு ஏந்திய கையைத் தாண்டி அடுத்தவளிடம் போனார். அடுத்தவள் செயலாளரின் மகள். அவளும் அன்றைக்கு விலக்கில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த வீட்டுப் பெண்ணைத் தாண்டிப் போகிற தைரியம் அவருக்கு ஏது? அவள் கையில் ஒரு துண்டைப் போட்டார். ஸ்டெல்லா அக்கா அதை வாயில் போடவில்லை. இரண்டாகப் பிட்டாள், பாதியை அம்மாவின் கையில் வைத்தாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் வரியை விட்டுவிட்டார்கள், ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜெயமணி டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டப்பாவைத் திறந்து எனக்கும் தம்பிக்கும் தட்டில் எடுத்து வைத்தாள். “சாப்புடுங்க” என்றாள். அத்தனை வருடம் வாசனை மட்டும் பிடித்த அப்பம், திடப்படுத்தல் என்று ஐயர் தலையில் கைவைத்துச் சபையில் சேர்க்கிற சடங்கு ஆகாத பிள்ளைகள் தொடக்கூடாத அப்பம். வாயில் போட்டேன். ஒரு ருசியும் இல்லை, அட்டையை மெல்வதுபோல் இருந்தது. இதற்காகவா இவ்வளவு என்று எனக்கு அழுகை வந்தது. நைனா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்.

“அத்தினி பேரு பாத்துகினு இருக்கும்போது நான் இன்னா சரோ பண்றது?” என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். “பன்னு நல்லா இருந்திச்சா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றைப் பற்றி வீட்டில் அவரோடு அவள் பேசியதே இல்லை. நைனா நல்ல மனிதர், எங்களை நன்றாக வைத்திருந்தார், இதெல்லாம் உண்மைதான். அன்றைக்கு எழுந்து போய் அந்தப் பன்னை வாங்கிச் சாப்பிட்டதும் உண்மைதான்.

அப்பம் சுடுகிற வேலை அவளுக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் கோயிலுக்குப் போவதை அவள் விடவில்லை, அதுதான் பலருக்குச் சங்கடம். ஒவ்வொரு திருவிருந்துக்கும் எழுந்து போய்க் கையை ஏந்தினாள். அடுத்த மாதத்திலிருந்து சின்ன ஐயரும் கொடுத்துவிட்டார். இன்றைக்கு எப்படி என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம். அடுத்த வருடம் நான் பெரியவளானபோது அம்மா என்னை எந்த மூலையிலும் உட்காரவைக்கவில்லை. அந்த வாரமே தலைவாரிப் பூ வைத்து, கோயிலுக்கு அழைத்துப்போய், பெண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சபையில் பெண்கள் ஞாயிறு வரும். அன்றைக்குப் பெண்கள் பாடம் வாசிக்கலாம், காணிக்கை எடுக்கலாம். பிரசங்கம் பெரும்பாலும் ஒரு ஆண்தான் செய்வார். தாய்மார்களின் தியாகம், விதவை போட்ட காணிக்கை, மெழுகுவர்த்தி தன்னை உருக்கிக்கொள்வது என்று பேசுவார். பெண்ணுக்குக் கொடுக்கத் தெரியும் என்பதைச் சொல்ல ஒரு ஞாயிறு எதற்கு? அவள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், தூக்கத்தைக் கொடுக்கிறாள், தன் பங்குச் சோற்றைக் கொடுக்கிறாள், உடம்பையே பிட்டுக் கொடுத்துப் பிள்ளை பெறுகிறாள். அவள் கை நீட்டும்போது என்ன வைத்தீர்கள் என்பதல்லவா கேள்வி? ஆண்டவர் தம் சரீரத்தையும் இரத்தத்தையும் கொடுத்தார் என்று மாதாமாதம் நினைவுகூர்கிற ஒரு கூட்டம், இரத்தத்தைக் கண்டு ஒரு பெண்ணைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறது என்றால், அந்தக் கூட்டம் எதை நினைவுகூர்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் இன்னும் விசுவாசிதான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஓட்டுக் கோயில் இப்போது இல்லை. கிரானைட் பதித்து, மின்விசிறிகள் வரிசையாகத் தொங்க, பெரிய கட்டடம் வந்துவிட்டது. மரப் பெஞ்சுகள் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பம் சென்னையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது, வட்டமாக, வெள்ளையாக, நாக்கில் வைத்ததும் கரைந்துபோகிறது. யாரும் கல் பொறுக்க வேண்டாம், யாரும் உபவாசம் இருக்க வேண்டாம். சபைக்கென்று ஒருத்தி தன் அடுப்பில் எதையாவது சுடுவது என்பதே போய்விட்டது. ஆனால் கடைசி வரிசை நாற்காலிகளில் மாதாமாதம் சிலர் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், கையில் செல்போனை வைத்துக்கொண்டு.

சில மாதங்களுக்கு முன் நான் ஊருக்குப் போயிருந்தபோது ஜெயமணி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடக்க முடியாமல் கோல் ஊன்றிக்கொண்டு, ஆட்டோவில் வந்து இறங்கினார். செயலாளர் இறந்து வெகுநாளாயிற்று. ஸ்டெல்லா அக்கா கனகம்மாசத்திரத்தில் கல்யாணமாகி, அங்கேயே டீச்சராக இருக்கிறாள். கோயிலுக்கு இது நூற்றாண்டு விழா வருடம், பழைய முறைப்படி ஒரு திருவிருந்து வைக்கலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள்.

“பழையபடி நீயே அப்பம் சுட்டுக் குடுத்துடு ரூத்து” என்றார் டீச்சர், நல்ல மனதோடுதான். “உனக்குத்தான் இப்ப எல்லாம் நின்னுபோச்சே. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அம்மா கோபப்படப்போகிறாள் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

“அது இருந்ததாலதாங்க டீச்சர் இவ எனக்குப் பொறந்தா” என்று என்னைக் காட்டினாள். “மரியாளுக்கும் அது இருந்ததாலதான ஆண்டவர் வந்தாரு? நின்னுபோச்சின்னு சந்தோசப்பட்டுகினு நான் எப்பிடிங்க அவருக்கு அப்பம் சுடறது? அன்னிக்கு வேணாம்னு சொன்னத தப்புன்னு சபையில சொல்லுங்க, நாளைக்கே சுடறேன்.”

டீச்சர் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா சொன்னாங்கன்னு நானும் பின்னாலேயே ஒக்காந்துகினு இருந்தேன் ரூத்து” என்றார் கடைசியில். “பதிமூணு வயசுலருந்து. எத்தினி ஞாயித்துக்கெழம போச்சோ தெரியல.”

இத்தனை வருடமாக அந்த அம்மாள்மேல் நான் வைத்திருந்த கோபம் அப்போது என் கைக்கு அகப்படவில்லை. ஆனால் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் எண்ணவேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றிலும் அவருடைய வீட்டுக்காரர் முன்வரிசையில் முழங்காலிட்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து, நீ ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதில்லை.